பின்சீட்டுக்குக் கதவில்லை

உடைந்த வண்டிகளைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
மேலூர் விலக்கில் முகம் நசுங்கியது,
திருமங்கலத்தில் லாரிக்கடியில் பாதி நுழைந்தது,
கண்மாயில் இறங்கி இரண்டு நாள் ஊறியது.
டேப் பிடித்து அளந்து, படமெடுத்து
இன்சூரன்சுக்கு எழுதி அனுப்புவேன்:
சரிசெய்யலாம். சரிசெய்ய இயலாது.
பதினாறு வருடமாக இந்த இரண்டே வாக்கியம்.

அப்பேர்ப்பட்டவள் கார் வாங்கப்போகிறேன் என்றதும்
ஆபீசில் ஆளுக்கொரு யோசனை.
ஏழு பேர் போகலாம், வேளாங்கண்ணிக்கு வசதி என்றார் கிறிஸ்துராஜ்.
வெள்ளை வாங்கு, விற்றால் விலை போகும் என்றார் மேனேஜர்.
இன்னும் வாங்கவேயில்லை, அதற்குள் விற்கிறார்.

நான் கேட்டது
இரண்டு கதவு.
வளைவில் சாயாமல் திரும்ப வேண்டும்.
காலையில் ஒரே சாவியில் உறும வேண்டும்.
தினமும்.
மூன்றரை லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

"அப்படி ஒண்ணு இருந்தா எனக்கே வேணும்க்கா"
என்றான் பழங்காநத்தம் மெக்கானிக் ஜபருல்லா,
ஸ்பேனரைப் பல்லில் கவ்வியபடி.

மூன்று மாதம் அலைந்தோம்.
ஒத்தக்கடையில் ஒன்று:
மீட்டர் நாற்பதாயிரம் என்றது,
தேய்ந்த பிரேக் பெடல் ஒரு லட்சம் என்றது.
அண்ணாநகரில் ஒன்று, பளபளவென்று.
காந்தத்தை வைத்தேன், வழுக்கி விழுந்தது.
பெயின்டுக்குக் கீழே விரற்கடை கனத்துக்குப் பட்டி.
விளாங்குடியில் இருந்தது நல்ல வண்டிதான்.
கண்ணாடி உடைந்தால் மட்டும்
கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

நாகமலைப் புதுக்கோட்டையில்
ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார் வீட்டு வேம்படியில்
காக்கை எச்சத்தோடு நின்றது இது.
சிவப்பு வெயிலில் வெளுத்து
செங்காமட்டிக்கு வந்திருந்தது.
எண்பத்தோராயிரம் கிலோமீட்டர்.
சர்வீஸ் ரசீதெல்லாம் பிஸ்கட் டப்பாவில், தேதி வரிசைப்படி.
ஜபர் ஆயில் குச்சியை உருவினான், முகர்ந்தான்,
தலையை ஆட்டிவிட்டான்.
விலை பேசுமுன் ஆட்டாதே என்று
சொல்லித்தான் கூட்டிவந்திருந்தேன்.

நத்தம் பறக்கும் பாலத்தில் ஏற்றினேன்.
தாழ்ப்பாள் விழுவதுபோல் விழுந்தது மூன்றாம் கியர்.
முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது.
பாலம் முடிந்ததும் திருப்பி, மறுபடியும் ஏறினேன்.
ஜபர் உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டு வந்தான்.

அப்புறம் கோரிப்பாளையம்.
நாற்பது நிமிடம், முதல் கியர், ஏசி போட்டு.
சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை.
பாலத்தில் எல்லா வண்டியும் குதிரைதான்.
இங்கேதான் தெரியும்.

குறைகளையும் எழுத வேண்டும், தொழில் தர்மம்.
வேகத்தடையில் வயிறு உரசுகிறது.
கதவு ஒவ்வொன்றும் நாலடி நீளம்.
வில்லாபுரத்தில் என் சந்து ஏழடி இரண்டு அங்குலம்:
வண்டி நுழைந்துவிடும்,
நான்தான் வெளியே வர முடியாது.
மாவு மில் வாசலில் நிறுத்த மாதம் அறுநூறு.

"பின்னாடி யாரு உக்காருவா?"
தம்பி கேட்டான், சின்னம்மா கேட்டார்,
பேர் மாற்றப் போன இடத்தில் கிளார்க்கும் கேட்டார்.
டேப், ரெயின்கோட், தண்ணீர் கேன் என்றேன்.

ஒன்பதாம் நாள் கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில்
ஒரு வெள்ளை வண்டி, பாலச்சுவரில்.
கதவு நாலில் ஒன்றும் திறக்கவில்லை.
பின்கண்ணாடியை உடைத்துத்தான் எடுத்திருந்தார்கள்.
பூவரசனுக்கு நெற்றியில் கட்டு,
மனைவிக்கு ஒரு கீறலும் இல்லை, நடுக்கம் மட்டும்.
அளந்து முடித்தேன்.
சரிசெய்ய இயலாது.

பஸ் எதுவும் நிற்கவில்லை.
முன்சீட்டில் உட்கார இருவருமே மறுத்தார்கள்.
சீட்டை மடக்கிப் பிடித்தேன்.
குனிந்து, முழங்கால் நெஞ்சில் இடிக்க
ஒருவர்பின் ஒருவராக உள்ளே போனார்கள்.
அவள் மடியில் உடைந்த பக்கக்கண்ணாடி,
ஏனென்று தெரியவில்லை,
நானும் கேட்கவில்லை.
முள் ஐம்பதைத் தாண்டாமல் வந்தேன்.

மேலூர் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும்
கை இருட்டில் எதையோ தடவியது.
"இந்தப் பக்கம் கதவே இல்லையேக்கா,
எப்படி இறங்குறது?"

"நான் மொதல்ல இறங்கணும்" என்றேன்.